நான் நிரப்பிய மௌனம்: அஜின்கோர்ட்டிலிருந்து மிசிசாகாவுக்கு

சென்ற சனிக்கிழமை மிசிசாகாவில் ஒரு தேவாலயத்துக்குப் போய்வந்தேன். எனக்குப் பழக்கமான இசையமைப்பாளர் ஜெறோம் இருபத்தாறு வயதில் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக எழுதிய கொன்செர்ட்டோவை அங்கே வாசிக்கிறார்கள். வருகிற சனிக்கிழமையும் உண்டு. போக விரும்புவோருக்காக வழியைக் குறித்துவைக்கிறேன். நான் போன காரணம் வேறு. அந்தப் படைப்பில் என் பிழை ஒன்று இருந்தது.

முப்பது வருடங்களுக்கு முன் ஜெறோம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தார். மாசிக் குளிரிலும் யன்னலைத் திறந்துவைத்துத்தான் எழுதுவார். பக்கத்தில் இன்னொரு கதிரை இருக்கும். அதில் யாரும் அமரக்கூடாது. அவர் கையெழுத்து ஒருவருக்கும் விளங்காது. நான் கட்டட வரைபடம் கீறுபவன், தேவாலயப் பாடகர் குழுவில் சுரக்குறிப்பும் பழகியவன் என்பதால், வாத்தியக்காரர்களுக்கான தாள்களைப் படியெடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் பகுதியில் நான்கு தாளச் சுற்றுகள் வெறுமையாக இருந்தன. மறந்துவிட்டார் என்று நினைத்து, முந்திய வயலின் சுரத்தையே நீட்டி நிரப்பினேன். எழுதும் நாட்களில் அவரோடு பேசக்கூடாது என்பது விதி, அதனால் கேட்கவில்லை. விதி இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

அந்த வருடம் ஒரே தடவை வாசித்தார்கள். சொந்த இசையைக் கேட்டால் அடுத்தது வராது என்று அவர் போகவில்லை. இம்முறை வருவதாக இருந்தார். நிகழ்ச்சி அறிவிப்பில் ‘இரண்டாம் பகுதியின் மௌனம்’ பற்றி எழுதியிருந்தார். அதை வாசித்தபோதுதான் நான் நிரப்பியது அவர் மறந்த இடமல்ல, வேண்டுமென்றே விட்ட இடம் என்று விளங்கியது. அவர் கேட்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

காலை 8.10க்கு அஜின்கோர்ட்டில், என் வீட்டருகே, ஷெப்பர்ட் பஸ். டொன் மில்ஸில் சப்வே, இரண்டு தடவை மாறி கிப்ளிங், அங்கிருந்து மிசிசாகா பஸ். ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீற்றர். முதியோர் கட்டணம் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் மிசிசாகா பஸ்ஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. 10.20க்குச் சேர்ந்தேன். கடைசி ஒத்திகை பதினொன்றுக்கு.

ஜெறோம் வாகனத் தரிப்பிடத்தில் தொப்பியில்லாமல் நின்றார். ஒத்திகை பார்த்துவைத்த வசனங்கள் எல்லாம் போய், நடந்ததை மட்டும் சொன்னேன். 

“அண்ணை, அந்த இடத்தில அக்காவெல்லோ வாசிக்கிறவ,” என்றார். “முப்பது வருசமா நீங்கள் அவவின்ர கையைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள்.”

அவருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த அக்கா, மன்னாரில் பதினெட்டு வயதில் இறந்துபோனவர். அந்தக் கதிரை யாருக்கு என்று அப்போதுதான் விளங்கியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“பென்சில் இருக்கோ?”

என்னிடம் இரண்டு இருந்தன.

“அப்ப போய் வெட்டிவிடுங்கோ. நீங்கள்தானே எழுதினது.”

ஒத்திகைக்கு அமர்ந்திருந்த இத்தனை பேருக்கு முன்னால் நான் ஒருநாளும் நடந்ததில்லை. வயலின்காரர்களுக்கு முன்னால் பதினொரு தாள் தாங்கிகள். எல்லாவற்றிலும் என் பழைய கையெழுத்தின் படிகள். அந்த நான்கு சுற்றுகளையும் ஒவ்வொரு தாளிலும் கோடிட்டு வெட்டினேன். கடைசித் தாங்கியில் இருந்த பெண், “அங்கிள், அப்ப இதில நாங்கள் சும்மா இருக்கிறதோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “இவ்வளவு ஈசியான பார்ட் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கேல்ல,” என்றாள்.

மூன்று மணிக்கு நிகழ்ச்சி. அந்த இடம் வந்ததும் எல்லாம் நின்றது. பின்வரிசையில் இருவர் கைதட்டி, பிறகு வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த இடத்தைச் சும்மா விட முடியாமல்தானே நானும் நிரப்பினேன்.

போகிறவர்களுக்கு: அனுமதி பத்து டொலர். இடப்பக்க வாங்குகளில் குளிர் அடிக்கும், சுவெற்றர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் அரை மணிக்கு ஒன்றுதான். இரண்டாம் பகுதியில் எல்லாம் நின்றுபோகும். முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜெறோமின் அக்கா வாசித்து முடிக்கட்டும்.