முதல் வரிசைக் குடை

ஒத்தாவியோ வட இத்தாலியின் பேர்காமோவில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட் பிறந்தால் போதும், மனைவி இவானாவையும் பெட்டிகளையும் காரில் திணித்துக்கொண்டு கடற்கரை ஊரான ரோக்காமரீனாவுக்கு வந்துவிடுவார். உலகத்து மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் அந்த ஊரின் பழைய மாதா கோயிலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டு போகிறார்கள். இருபது கோடையாக வருகிற ஒத்தாவியோவிடம் கோயில் வாசல் எந்தத் திக்கில் என்று கேட்டால், இவானாவின் முகத்தைப் பார்ப்பார். அவருடைய சரித்திரமெல்லாம் கார்மெலினா வாடகைக்கு விடும் கடற்கரைக் குடைகளுக்குள் அடங்கிவிட்டது.

அந்தக் குடைகளின் சட்டம் போப்பாண்டவருக்கும் வளையாது. அலை வந்து காலை நக்கும் முதல் வரிசையில் இடம் வேண்டுமானால், அங்கே இருப்பவர் சாக வேண்டும். செத்தவருக்கு மனைவி மக்கள் இருந்தால் குடை அவர்களுக்கு. இல்லையென்றால் நேர் பின்னால் இருப்பவர் ஒரு வரிசை முன்னேறலாம். ஒத்தாவியோ இரண்டாம் வரிசை. அவருக்கு முன்னால் புரூசாஃபேரோ: தொண்ணூற்றொரு வயது, மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. இதைவிட லட்சணமான முதுகை ஒத்தாவியோ பார்த்ததில்லை.

தினமும் காலையில் போய் நிற்பார். "எப்படி இருக்கீங்க பெரியவரே? மூச்சு வாங்குதா?"

"குதிரை மாதிரி இருக்கேன், டாக்டரே." கல்லூரி வாசலை மிதித்தவர் யாராயிருந்தாலும் டாக்டர்தான் அங்கே. "உங்களுக்குத்தான் கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கு. பார்த்துக்குங்க."

அன்றைக்கு ஒத்தாவியோவுக்கு ஐஸ்கிரீம்கூட இறங்காது.

இந்த வருஷம் வந்து பார்த்தால் முன்குடை மூடிக் கிடந்தது. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒத்தாவியோ தன் துண்டை எடுத்துக்கொண்டுபோய் முன்னால் விரித்துவிட்டார்.

"கார்மெலினாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உட்காரேன்," என்றாள் இவானா.

"துக்கத்துல இருக்கறப்போ அதெல்லாம் கேக்கறது மரியாதையா?"

"யாரு துக்கத்துல இருக்கா?"

"நான்தான்."

விசாரித்தவர்களிடம் "தூக்கத்திலேயே போயிட்டாரு" என்றார். மத்தியானத்துக்குள் அந்தச் சாவுக்குக் கை கால் முளைத்துவிட்டது. கடைசி மூச்சில் பெரியவர் கடலைப் பார்த்துக் கையசைத்தாராம், ஒத்தாவியோவின் பெயரைச் சொன்னாராம். பெரியவர் செத்தார் என்று மருந்துக்கடைக்காரரே சொல்கிறபோது யார் நாடி பிடித்துப் பார்க்கப் போகிறார்கள்? பின்னாலிருந்த பல் வைத்தியர், "உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன், டாக்டரே," என்று கண்ணைத் துடைத்தபடியே இரண்டாம் வரிசைக்கு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நோட்டரி அம்மாள், அவளுக்குப் பின்னால் இன்னொருவர் என்று வரிசை மொத்தமும் அழுதுகொண்டே முன்னேறியது.

மறுநாள் காலை புரூசாஃபேரோ வெள்ளைக் கோட்டு, வைக்கோல் தொப்பியோடு மணலில் நடந்து வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துக்கொள்ள மால்டோவாவிலிருந்து வந்திருந்த கலீனா. ஐம்பது வயது, படகை ஒற்றையாய்க் கரைக்கு இழுக்கிற தோள்.

"என் கடைசி வார்த்தை ரொம்ப நல்லாயிருந்துச்சாமே. ஐஸ்கிரீம் விக்கறவன் சொன்னான்," என்றார் கிழவர்.

ஒத்தாவியோ துண்டிலிருந்து பாதி எழுந்தார்.

"காப்ரித் தீவுக்குப் போயிருந்தோம், டாக்டரே. கல்யாணம் ஆகி ஒரு வாரமாச்சு. இவ என் மனைவி."

மனைவி. அந்த ஒரு சொல்லில் முதல் வரிசை இன்னும் முப்பது வருஷத்துக்குப் போய்விட்டது. கலீனா ஒத்தாவியோவின் துண்டை எடுத்து, மணலை அவர் மேலேயே உதறி, நாலாய் மடித்துக் கையில் கொடுத்தாள்.

திரும்பிப் பார்த்தால் இரண்டாம் வரிசையில் பல் வைத்தியர் அசையாமல் படுத்திருந்தார்.

"எந்திரிங்க. அது என் இடம்."

"நீங்களா விட்டுட்டுப் போனீங்க. உங்களை யாராவது தள்ளினாங்களா?"

கார்மெலினா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "என் கடற்கரையில முன்னால போறதுக்குத்தான் சட்டம் இருக்கு டாக்டரே, பின்னால வர்றதுக்கு இல்ல. எல்லாரும் நகர்ந்தாச்சு. காலியா இருக்கறது கடைசி வரிசை ஒண்ணுதான், குளிக்கிற குழாய்க்குப் பக்கத்துல."

கடைசி வரிசையில் ஊரார் கால் கழுவும் தண்ணீர் ஒத்தாவியோவின் முழங்காலில் தெறித்தது. இவானா செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இனிமே உனக்குப் பொழுது போகும். முன்னாடி ஒருத்தர் செத்தா போதும்னு இருந்துச்சு, இப்போ எட்டுப் பேர் சாகணும்."

நேர் முன்னால் யாரோ இருமினார்கள். ஒத்தாவியோ நாற்காலியை ஓரங்குலம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.