ஆறு மணிக்கு வந்த நோன்புக் கஞ்சி

அன்பான சகோதர சகோதரிகளே, என் கணவர் இரத்தமாக வாந்தி எடுத்த அன்று வீட்டில் நத்தார்ப் பண்டிகைக் கேக் பாதி மிச்சம் இருந்தது. வெளியில் வாடைக்காற்றோடு மழை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவருடைய தலை என் மடியில் கிடந்தது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வேறு செபம் வரவில்லை.

டொக்டர் வயதில் இளையவர். என்னைத் தனியே கூப்பிட்டார். "அம்மா, ஈரல் பழுதாகிக்கொண்டு வருது. இனிக் குடிச்சாரெண்டா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது," என்றார். நான் விறாந்தையில் கிடந்த வாங்கில் இருந்து அழுதேன். எங்கள் ஒரே மகள் கலியாணம் முடித்துத் தூரத்தில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த மனிதர் போய்விட்டால் எனக்கு யார்?

அவர் போட் எஞ்சின் திருத்துகிறவர். மூதூர் முதல் புல்மோட்டை வரை அவர் கை படாத எஞ்சின் குறைவு. திருத்திய எஞ்சினைக் கடலில் ஒருதரம் ஓட்டிக் காட்டியதும் கூலியோடு ஒரு போத்தலும் கையில் வைப்பார்கள். அது எங்கள் கரையில் மரியாதை. அந்த மரியாதைதான் அவரை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுபோனது.

அவருக்குக் குடியை நிறுத்தத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் நிறுத்துவார். எங்கள் கோயில் பங்கில் விபூதிப் புதனோடு போத்தலை மூடுகிற ஆண்கள் நிறையப் பேர். தவக்காலம் நாற்பது நாளும் சுத்தம். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கைகுலுக்கும்போதே, மத்தியானம் யார் வீட்டில் என்ற கதை முடிந்துவிடும். நாற்பது நாள் விட்டதை ஒரே நாளில் பிடிக்கிற சூரர்கள்.

ஆஸ்பத்திரியால் வந்து உடம்பு தேறும் வரை பயம் அவரைப் பிடித்து வைத்திருந்தது. உடம்பு தேறப் பயமும் குறைந்தது. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து, "இந்த முறையும் நிப்பாட்டுறன்," என்றார். இந்த முறையும் என்றால் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும்தானே. அதற்குப் பிறகு குடித்தால் அவர் எனக்கு மிஞ்சமாட்டார்.

பகலில் பிரச்சினை இல்லை. வேலை இருக்கும். பின்னேரம் ஐந்து மணி தாண்டினால்தான் வீடு கொதிக்கத் தொடங்கும். கதிரையில் இருப்பார், எழும்புவார். கேற்றடிக்குப் போவார், வருவார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிப் பூட்டினார். அவர் ஊற்றிய தண்ணீரில் பூமரங்களில் அரைவாசி அழுகிவிட்டன. பிளேன்டீயில் சீனியை அள்ளி அள்ளிப் போட்டுக் குடித்தார். ஏதாவது கேட்டால் சீறி விழுந்தார். இரவு நித்திரை இல்லை. அவர் புரள, நானும் புரண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் எனக்கே தோன்றியது: குடித்த காலத்தில் இந்த மனிதர் எட்டு மணிக்கு விழுந்து படுத்துவிடுவார், வீடாவது அமைதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தேன்.

அவரைச் சந்தோசப்படுத்த நான் ஒரு வேலை செய்தேன். அவர் குடித்த காலத்தில் ஆறு மணிக்குப் போத்தலோடு தின்ன பைட் வைப்பது என் வேலை. சூடை மீனை மொறுமொறுவென்று பொரித்து, வெங்காயமும் செத்தல் மிளகாய்த் தூளும் போட்டுப் பிரட்டி, தேசிக்காய்ப் புளி விட்டு வைப்பேன். பாவம், குடியையும் விட்டுவிட்டார், வாய்க்கு ருசியாக அதையாவது தின்னட்டும் என்று, அவர் குடியை விட்ட பிறகும் ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு அதே சட்டியில் பொரித்து அதே கோப்பையில் வைத்தேன். எவ்வளவு அன்பாகச் செய்தேன் தெரியுமா?

ஒருநாள் அவர் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"நீர் இதைப் பொரிக்காதையும்," என்றார். "எண்ணெய் காயிற மணம் வந்தாலே மற்றக் கை போத்தலைத் தேடுது. வீட்டை விட்டு ஓடவேணும் போல கிடக்கு."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவரைக் கெடுப்பவர்கள் கரையில் நிற்கும் கூட்டாளிகள் என்று இத்தனை நாளும் ஊர் முழுவதையும் திட்டினேன். பொறியை வீட்டுக்குள் வைத்தது நான். அன்று நான் செபித்த விதம் மரியாதையான செபம் அல்ல. "ஆண்டவரே, இந்த மனுசனை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டன், நிப்பாட்டிட்டீர். இனி ஆறு மணிக்கு இவரை எங்க வைக்கிறதெண்டும் நீர்தான் சொல்லவேணும். எனக்குத் தெரியாது," என்று கோபமாகவே கேட்டேன்.

அடுத்த நாள் அவர் கிண்ணியாப் பாலம் தாண்டி, குறிஞ்சாக்கேணிக்கு வேலைக்குப் போனார். ஹனிபா நானா என்ற போட்காரரின் எஞ்சின். ஐந்து மணிக்கு வரவேண்டியவர் வரவில்லை. ஆறு ஆனது. ஏழு ஆனது. போன் எடுத்தால் பதில் இல்லை. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றேன். மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அன்று சத்தம் நேராக வந்தது.

அவர் கையில் ஒரு தூக்குச்சட்டி. "கஞ்சி. சூடு ஆறமுதல் குடியும்," என்றார்.

அந்த வருடம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம்களுடைய றமழான் நோன்பும் ஒன்றாக வந்தன. வேலை முடிந்து புறப்பட்டவரை ஹனிபா நானா விடவில்லையாம். நோன்பு திறக்கிற நேரம், ஒரு கோப்பை கஞ்சி குடித்துவிட்டுப் போகலாம் என்று இருத்திவிட்டாராம்.

"ஆறு மணி தொடங்கி எல்லாரும் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு இருந்தாங்கள்," என்று அவர் சொன்னார். "ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளேல்ல. ஒருத்தர் பேரீச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு இருந்தார். என்னை மாதிரித்தான் எல்லாரும். பள்ளியில பாங்கு சொன்னவுடன கையில கஞ்சி வந்திட்டுது. எனக்கு அந்த நேரம் கடந்து போனதே தெரியேல்ல."

நான் தூக்குச்சட்டியைப் பிடித்தபடி அழுதேன். ஆறு மணிக்கு இவரை எங்கே வைப்பது என்று ஆண்டவரிடம் கேட்டேன். ஆண்டவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் விரித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னேரத்தில் அங்கே போனார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் என்று தெரிந்து, நானாவின் மனைவி அன்று மட்டும் இவருக்காக இறைச்சி போடாத கஞ்சியைத் தனிச் சட்டியில் காய்ச்சுவாவாம். நானும் ஒருநாள் போய் அந்தக் கஞ்சியைக் காய்ச்சப் பழகினேன். இஞ்சியும் உள்ளியும் றம்பை இலையும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால். பெருநாள் வந்து நோன்பு முடிந்த பிறகு, ஆறு மணிக்கு எங்கள் குசினியில் அந்தக் கஞ்சி கொதித்தது. மீன் பொரித்த சட்டியைக் கழுவி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. பூசையில் அல்லேலூயா பாடும்போதும் எனக்கு மத்தியானத்தை நினைத்துப் பயம். மத்தியானம் அவருடைய பழைய கூட்டாளி கிறிஸ்தோபர் அண்ணை, பேப்பரில் சுற்றிய போத்தலோடு வந்தார். நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரிக்கு இரத்தம் கொடுக்க ஓடி வந்தவரும் அவர்தான்.

"பாஸ்கும் வந்திட்டுது, தவக்காலமும் முடிஞ்சுது. தங்கச்சி, ரெண்டு கிளாஸ் கொண்டு வாங்கோ," என்றார்.

நான் குசினி வாசலில் நின்றேன். அசையவில்லை. என் கணவர் போத்தலைப் பார்த்தார். சாரத்தின் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"உங்களுக்கு முடிஞ்சுது அண்ணை," என்றார். "எனக்கு இன்னும் முடியேல்ல. என்ர தவக்காலம் சாகும் மட்டும்தான்."

கிறிஸ்தோபர் அண்ணை கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் போத்தலை எடுத்துத் தன்னுடைய பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப என்ன கிடக்கு வீட்டில?" என்று கேட்டார். பயத்தில் அன்று மத்தியானமே நான் காய்ச்சி வைத்த கஞ்சிதான் இருந்தது. உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் கஞ்சி குடித்தோம்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் ஆறு மணியானால் அவரால் கதிரையில் இருக்க முடியாது. கேற்றடிக்குப் போவார், வருவார். எஞ்சின் ஓட்டிக் காட்டினால் போத்தலுக்குப் பதிலாக மீன் கேட்டு வாங்குகிறார். ஈரல் தேறி வருகிறது என்று டொக்டர் சொல்கிறார். ஆண்டவருக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி, குறிஞ்சாக்கேணிக்கும் நன்றி.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் கதிரைக்கும் கேற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தால் மனம் விடாதீர்கள். குடியை நிறுத்தித் தரும்படி மட்டும் கேட்காமல், அவருடைய ஆறு மணியையும் ஆண்டவரிடம் கொடுங்கள். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை, அவர் கேட்பார். ஆறு மணிக்கு எங்கள் பக்கம் வந்தால் வாருங்கள். கஞ்சி கொஞ்சம் கூடத்தான் காய்ச்சுகிறேன்.