அவன் தமையனா, இல்லையா?

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு மணம் இருந்தது. சூடேறிய தூசியும் கண்ணாடியும் கலந்த மணம். திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனால் மூக்கு நுனியில் மெல்லக் கூசும். சத்தம் மட்டும் இராது. சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த சிறிய அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், உணவகமொன்றில் இரவு முழுவதும் "கோப்பை கழுவி" விட்டு வந்த மாமா சனிக்கிழமை காலைகளில் சோபாவில் சுருண்டு படுத்திருப்பார். "சத்தத்தை நிப்பாட்டு பிள்ளை, மாமா இப்பத்தான் கண்ணயர்ந்தவர்" என்று அம்மாவின் குரல் குசினிக்குள் இருந்து வரும்.

இப்படித்தான் எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில் ஒரு கார்ட்டூன் தொடர் முழுவதையும் ஊமைப் படமாகவே பார்த்தேன். கூடப் பார்க்கப் பக்கத்து வீட்டு ரஞ்சன் வருவான். ஒரு சிறுமி படகில் ஊர் ஊராகப் போவாள். வெள்ளைச் சால்வை கட்டிய பெரிய பையன் ஒருவன் அவளை விடாமல் பின்தொடர்வான். வளைந்து நெளிந்து ஓடி மறையும் ஆங்கிலத் தலைப்பை வாசிக்க எங்களுக்கு அப்போது வராது என்பதால், "படகுப் பிள்ளை" என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அவர்கள் வாயசைக்க, நாங்கள் கிசுகிசுத்த குரலில் தமிழில் கதை கொடுத்தோம்.

அந்தப் பையன் அவளுடைய தமையன் என்பது என் கட்சி. ஆட்களைக் கள்ளமாய் வெளிநாட்டுக்கு அனுப்பும் பயண முகவர் என் அண்ணாவை அப்போது பாங்கொக்கில் ஓர் அறையில் வைத்திருந்தார். அம்மாவும் நானும் முதலில் வந்துவிட்டோம், அவன் "பின்னால வருவான்" என்று எல்லாரும் சொன்னார்கள். பின்னால் வருகிறவன் தமையனாகத்தானே இருக்க வேண்டும்? ரஞ்சன் மசியமாட்டான்.

"உவன் கள்ளனடி. முழியைப் பார்."

"கள்ளன் எண்டால் அவள் விழேக்க ஏன் கை குடுத்தவன்?"

"பிடிச்சு விக்கிறதுக்கு."

நான் அழுதுகொண்டு குசினிக்குப் போவேன். அடுத்த சனிக்கிழமை அவன் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி வந்து உட்காருவான்.

பல வருடமாக நினைக்காத இதையெல்லாம் நினைக்க வைத்தது போன மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. நூலகத்துக்குப் போகிறேன் என்று வீட்டிலிருந்து புறப்பட்ட என் மகள் அபிராவின் கைபேசி பின்னேரம் முழுவதும் அணைந்து கிடந்தது. அவளுக்கு வயது பதினைந்து. நூலகத்தில் தேடினேன், பேருந்துத் தரிப்பிடங்களில் தேடினேன். ஒரு தாயின் மனம் அந்த நேரத்தில் எங்கெல்லாம் போகும் என்பதை எழுத இன்னும் துணிவில்லை. கடைசியில் அவளுடைய சிநேகிதி நிலாவின் தாய்தான், பிள்ளைகள் தன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டேன். சென் ஜேம்ஸ் ரவுண்.

நான் பிள்ளையாய் ஏறி இறங்கிய கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். கதவு சாத்தாமல் இருந்தது. கூடத்தில் பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்திருக்க, கைபேசிகளை எல்லாம் அணைத்து ஒரு சோற்றுச் சட்டிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவர்கள் வருடக்கணக்காகப் பின்தொடரும் கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதி அன்று வந்திருந்தது. முதலில் பார்த்தவர்கள் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிடக்கூடாது என்று அந்த ஏற்பாடு.

படம் முடிந்து சண்டை தொடங்கியிருந்தது. நாயகியைக் காட்டிக்கொடுத்த ஒருவன் கடைசியில் நல்லவனாகத் திரும்பி வருகிறான், அவளும் ஏற்றுக்கொள்கிறாள். அதுதான் வழக்கு. அபிராவின் முகம் அழுது சிவந்திருந்தது.

"நோ! எங்களுக்குக் காட்டாமலே மாறீட்டான். எப்பிடி நம்பிறது?"

"எல்லாத்தையும் காட்ட வேணுமோ?" என்றாள் நிலா. "நீ மட்டும் உன்ர அம்மாவுக்கு எல்லாம் காட்டுறியாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி வாசலில் நின்ற என்னைக் கண்டாள். அபிரா எழுந்து, சட்டியைத் திறந்து தன் கைபேசியைத் தேடினாள். வழிநெடுக நான் திரட்டிக்கொண்டு வந்த ஏச்சு தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் திரையில் உறைந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் வேறொன்றுதான் வெளியே வந்தது.

"உவன் ஆர், தமையனோ?"

"ஐயோ அன்ரி," என்று நிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள், "அவன் அவளைக் கட்டப்போறவன்!"

காரில் ஏறியதும், "நூலகம் எண்டு ஏன் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"கார்ட்டூன் பாக்கப் போறன் எண்டால் விடுவீங்களோ?"

விட்டிருக்கமாட்டேன். இனி எங்கே போனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன், தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் படகுப் பிள்ளையின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதன் கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை. அது ஒளிபரப்பான சனிக்கிழமைதான் அண்ணா வந்திறங்கினான். விமான நிலையத்தில் மீசையும் உயரமுமாய் ஒருவன் எங்களை நோக்கி வர, நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். என் பின்னலை இழுத்துவிட்டு ஓடுகிற குழப்படிக்காரன், தண்ணீர் கொடுத்தாலும் நன்றி சொல்லுகிறவனாய் வந்திருந்தான். சப்பாத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். பாங்கொக்கில் அந்த அறையில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. இன்று அவன் றிச்மண்ட் ஹில்லில் பேரப்பிள்ளை காணக் காத்திருக்கிறான். நாங்கள் இன்னும் கேட்கவில்லை.

அண்ணா வந்த அடுத்த திங்கட்கிழமை லிஃப்டில் ரஞ்சனைக் கண்டபோது, படகுப் பிள்ளையின் முடிவு என்ன என்று கேட்டேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தபடி, "தமையன்தான்" என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த அபிரா என் பக்கம் திரும்பினாள். "அவன் பொய் சொல்லியிருக்கிறான், அம்மா."

"ஏன் பொய் சொல்ல வேணும்?"

"உங்கட அண்ணா வந்தது அவனுக்குத் தெரியும்தானே."

இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எப்போது இவள் இப்படி ஆனாள்? எந்தக் கதவுக்குப் பின்னால்?

ரஞ்சனின் குடும்பம் பிறகு எங்கே போனது என்று தெரியாது. மாமா காலமாகிவிட்டார். பெயர் தெரியாத தொடரை அபிரா இணையத்தில் தேடிப்பார்த்தாள், அகப்படவில்லை. நேற்றுப் பின்னேரம் அவள் கூடத்தில் மடிக்கணினியோடு இருந்தாள். காதுகளில் வழக்கம்போல அந்தச் சின்னக் கருவிகள். நான் பின்னால் நின்று, சத்தமில்லாமல் ஓடும் படத்தைப் பார்த்தபடி, யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்குள் கதை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "முதல்ல இருந்து போடட்டோ?" என்று கேட்டு, கருவிகளைக் கழற்றி வைத்தாள்.

சத்தம் கூடம் முழுவதும் பரவியது. யாராவது படுத்திருக்கிறார்களா என்று என் கண்கள் தன்பாட்டில் சோபாவைப் பார்த்தன.