சாவுக்குப் போடும் எழுத்து

மலைப்பாதை வளைவில் ஹாரன் அடிக்காமல் இறங்கிய ஒரு மினி லாரி, என் மகளின் ஸ்கூட்டியைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. தோள் எலும்பு முறிந்து இப்போதுதான் கூடியிருக்கிறது. ஒடுகத்தூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஸ்கூட்டியில்தான் போவேன் என்றாள். எங்கள் மலையில் பஸ்ஸை நம்பி யார் வேலைக்குப் போவது? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

அந்த வளைவில் ஒரு எச்சரிக்கைப் பலகை வையுங்கள் என்று நெடுஞ்சாலை ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். "பார்க்கலாம்" என்றார்கள். நானே வைத்துவிடுவது என்று ஒடுகத்தூர் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"யார் போட்டோ சார் வெக்கணும்?" என்றார் கடைக்காரர்.

"போட்டோ வேணாம். 'மெதுவாகப் போங்க', அவ்ளோதான்."

"போட்டோ இல்லாம பேனரா? ஓரமா உங்க மூஞ்சியாவது வெச்சுக்கங்க சார்."

அந்த வளைவில் பேனர் கட்டப் பாறைக்கும் மதகுக்கும் நடுவே இருந்த இடம் குறுகல். பூ வைத்த எழுத்து, நிழல் விழும் எழுத்து என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். எதைப் போட்டாலும் அந்த அகலத்துக்குள் பொடியாகிப்போனது. பிறகு ஒன்று வந்தது. நல்ல தடிமன். பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு உயரமாக நின்றது. எதிர்காற்றில் நடக்கிறவன் போல முன்னால் சாய்ந்திருந்தது. ஒரு அலங்காரமும் இல்லை.

"அது வேணாம் சார், சாவுக்குப் போட்றது. கண்ணீர் அஞ்சலி எல்லாம் இதுலதான் அடிக்கிறோம்."

"ஏன்?"

"வண்டில போறவன் கண்ணுலகூட பட்டுடும்."

"அப்ப உசுரோட இருக்கறவங்களுக்கும் அதையே போடுங்க. வெள்ளைல கறுப்பு."

சனிக்கிழமை கட்டினேன். மறுநாள் காலையில் பக்கத்து ஊரிலிருந்து என் அக்கா மாரடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். தலை துவட்டிக்கொண்டிருந்த மகள் வெளியே ஓடினாள்.

"இன்னா அத்த, யாரு செத்தாங்க?"

"நீதான்டி!" அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "உசுரோட கீறியா, பாவி!"

பஸ்ஸிலிருந்து தூரத்தில் பார்த்திருக்கிறாள். விபத்து நடந்த இடம், வெள்ளைத் துணி, அந்த எழுத்து. அதற்குமேல் படிக்க அவளுக்குத் தெம்பில்லை.

"கழட்டிடுடா," என்றாள் என்னிடம். "கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு. பஸ் டிரைவரே யாரு போய்ட்டாங்கன்னு ஸ்லோ பண்ணி எட்டிப் பாத்தான். முன்னாடி போன டெம்போக்காரனும் அப்பிடித்தான்."

அபசகுனம் என்கிறாள், அது எனக்கும் புரிந்தது. ஆனால் அவள் கடைசியாகச் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் ஸ்லோ பண்ணாங்களா?"

"ஆமாடா."

"கழட்ட மாட்டேன்க்கா."

அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மகள் தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். படிக்கிறவன் படித்து மெதுவாகப் போகட்டும். சாவு என்று நினைக்கிறவன் பயந்தாவது மெதுவாகப் போகட்டும். வெயிலில் வெளுத்துப்போனால் அதே எழுத்தில் இன்னும் பெரிதாக அடிப்பேன்.