அக்காவுக்கு ஒரு சத்தியக்கடதாசி

எனக்கு ஒரு சீனத்து அக்கா இருக்கிறார். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். கனடாவில், மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. அம்மா வேலையால் வர இரவு ஏழு மணியாகும். அப்பா ஒரு ஃபக்டரியில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் குறட்டை விடுவார். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் என்னை மேய்க்கும் பொறுப்பு நாலு வருடமாக இந்த அக்காவிடம் இருந்தது. இன்றைக்கும் எனக்கு வாய்ப்பாடு பிழைக்காது என்றால் அது அவர் செய்த புண்ணியம்.

என்னைப் பார்த்துக்கொள்ள வந்த முதல் நாளே நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். "மூத்த ஆக்களைப் பேர் சொல்லுறதே? வாயிலை போடுவன்! அக்கா எண்டு சொல்லு" என்று அம்மா வெருட்டினார். அன்றிலிருந்து அவர் அக்கா. எனக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும். எங்கள் குளிர்பெட்டியில் 'சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் செய்யவில்லை' என்று ஆங்கிலத்தில் என்னைக் காட்டிக்கொடுத்துத் துண்டு ஒட்டுவார். கீழே அக்கா என்று தமிழில் கையெழுத்து. அந்த மூன்று எழுத்தையும் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான்.

அக்காவின் அப்பாவுக்குச் சீனாவில் வேலை. இங்கே தோதான வேலை அமையாமல் அக்காவின் ஆறாவது வயதில் திரும்பிப் போனவர், அதன்பிறகு கணினித் திரைக்குள்தான் அப்பாவாக இருந்தார். மாதம் ஒரு பார்சல் அனுப்புவார். அக்காவுக்கு ஒரே ஆசை. அவர் இருக்கும் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாலு வருடமாவது அவரோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டும். ஊருலகமெல்லாம் கனடாவுக்கு வர வரிசையில் நிற்க, இந்தப் பிள்ளைக்கு ஏன் இந்த விசர் என்று எங்கள் மாடியில் கதைத்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் விட்ட சனிக்கிழமைச் சீன வகுப்புக்குத் திரும்பப் போய், எட்டு வயதுப் பிள்ளைகளோடு குட்டிக் கதிரையில் முழங்கால் இடிக்க இருந்தார். பக்கத்து அறையில்தான் என் தமிழ் வகுப்பு. கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடுவேன்.

மொழிச் சோதனையும் பாஸ். வில்லங்கம் பெயரில் வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். சோதனைச் சான்றிதழில் அவருடைய அப்பா வைத்த சீனப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று, இரண்டு பெயரிலும் அவரை அறிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டுமாம். அதுவும் வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள். பள்ளிக்கூட ஆசிரியர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பெயர் மட்டும் தெரியும். சீன வகுப்பு ஆசிரியைக்கு மற்றது மட்டும் தெரியும். வியாழக்கிழமை அக்கா எங்கள் குசினியில் நின்று அழுதார். நித்திரையால் எழும்பி வந்த அப்பா என்னிடம் விசயத்தைக் கேட்டறிந்துவிட்டு, "உதுக்கே பிள்ளை அழுகுது? நாளைக்கு நான் வாறன் எண்டு சொல்லு" என்றார். காய்ச்சலென்றாலும் வேலைக்குப் போகிற மனுசன், அன்றிரவு லீவு போட்டார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று மறுநாள் என்னையும் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிப்போனார்.

லோயர் எங்கள் ஆள், ஒரு பெண்மணி. பிளாசாவில் மரக்கறிக் கடைக்கு மேலே அலுவலகம். அப்பா கலியாண வீட்டுக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"அண்ணை, இந்தப் பிள்ளையை எத்தினை வருசமாத் தெரியும்?"

"நாலு வருசம். தங்கமான பிள்ளை."

"நல்லது. பிள்ளையின்ரை பேர்?"

"அக்கா."

"அது முறை அண்ணை. நான் பேரைக் கேக்கிறன்."

அப்பா முழித்தார். லோயர் பேனையை மூடி வைத்தார். "பேர் தெரியாத ஆளுக்கு எப்பிடி அண்ணை சத்தியம் பண்ணுவியள்? நான் உதிலை சீல் குத்தேலாது."

விசயம் விளங்கியதும் அக்கா முதலில் சிரித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு இரண்டு பெயரும் தெரியும். அவருடைய சிநேகிதிகள் கூப்பிடுவது ஒன்று, சனிக்கிழமை வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது மற்றது. ஆனால் அம்மாவின் வெருட்டு வாயைப் பூட்டியிருந்தது. அப்பா என் முகத்தைக் கண்டுவிட்டார். "தெரிஞ்சாச் சொல்லு, குஞ்சு."

"அம்மா வாயிலை போடுவா."

"அம்மாவோடை நான் கதைக்கிறன்."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னேன். "வெண்டி. ஜியாஹுவி."

"அட கடவுளே, ஜியாஹுவி பார்சல்!" அப்பா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான் என்பதால், நாலு வருடமாக அந்தப் பார்சல்களைக் கையெழுத்து வைத்து வாங்கி வைத்தவரும் அவர்தான். அது அக்காவின் அம்மாவுடைய பெயர் என்று நினைத்திருக்கிறார். எங்கள் தபால்பெட்டிக்குள் தவறி விழும் பள்ளிக்கூடக் கடிதங்களில் இருந்த வெண்டி யாரென்று அவர் யோசித்ததே இல்லை. "பார்சலை எனக்கு முன்னாலையே உடைக்கிறதும் இவதான், வெண்டியின்ரை கடிதத்தைக் கை நீட்டி வாங்கிறதும் இவதான். ரெண்டும் ஒரே ஆள்! எந்தக் கோயில்லையும் சத்தியம் பண்ணுவன்!"

"கோயில் வேண்டாம் அண்ணை, இதிலை பண்ணினாக் காணும்" என்று லோயர் சிரித்தார். அப்பா பிடிவாதம் பிடித்ததில், 'அக்கா என்றும் அழைக்கப்படுபவர்' என்று மூன்றாவது பெயரும் கடதாசியில் ஏறியது.

கடைசியாக அப்பாவின் லைசன்ஸை வாங்கிப் பார்த்த லோயர், முதலில் இருப்பதுதான் உங்கள் பெயரோ என்று கேட்டார்.

"அது என்னைப் பெத்த ஐயாவின்ரை. பின்னாலை இருக்கிறதுதான் என்ரை. வந்த புதிசிலை, ஊர்ப் பழக்கத்திலை ஐயாவின்ரை பேரை முதல் எழுதிப்போட்டன்."

"மாத்தியிருக்கலாமே?"

"ரெண்டும் ஒரே ஆள் எண்டு சத்தியம் பண்ண அப்ப எனக்கு ஆர் இருந்தது?"

என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்க, பசியில் இருந்த நான் அவசரமாக மொழிபெயர்த்தேன். சீனர் எங்களைப் போலத்தான், குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்றார் அக்கா. அப்பா கையெழுத்து வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். நித்திரைக் கலக்கமாக்கும் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. அங்கே போன இரண்டாவது மாதம் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. எனக்குப் பென்சில் பெட்டி, அப்பாவுக்குத் தேயிலை. மேலே அப்பாவின் பின்பாதிப் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் அங்கிள் என்று போட்டிருந்தார்.

"அப்பா, அக்கா பாதிப் பேரை விட்டிட்டா."

"இல்லைக் குஞ்சு. சரியாத்தான் எழுதியிருக்கிறா."

அந்தத் துண்டை மட்டும் கத்தரிக்கோலால் கவனமாக வெட்டி, லைசன்ஸுக்குப் பின்னால் செருகி வைத்தார். தேயிலை அவ்வளவு நல்ல தேயிலையாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரில் செத்துப்போன, செத்தவீட்டுக்குக்கூடப் போய்ப் பார்க்கக் கிடைக்காத தன் ஐயாவின் பெயரைச் சொல்லித்தான் ஃபக்டரியில் ஒவ்வோர் இரவும் எல்லோரும் அப்பாவைக் கூப்பிட்டார்கள் என்பதும், அவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.