வாழைத்தோப்பில் நிற்கும் ஆள்

டீக்கடையில் உட்கார்ந்தால் கார்மேகம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார். "எந்தக் கால்ல பாரம் நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும் சார், மிச்ச ஆளு தானா வந்துருவான்" என்று சிகரெட் அட்டையின் பின்புறத்தில் இரண்டு கோடு இழுப்பார். இரண்டே கோடுதான். எதிரே லாரியில் சாய்ந்திருக்கும் டிரைவர் அட்டையிலும் சாய்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் நான் வாய் பிளந்து பார்ப்பேன்.

பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஓமனின் சலாலாவில் பத்தொன்பது வருடமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார். நகக்கண்ணில் எப்போதும் ஏதோ ஒரு நிறம் இருக்கும். போன வருடம் ஒரு வில்லாவில் வேலை முடிந்தபோது, வீட்டுக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய எண்ணெய் வண்ணப் பெட்டியைத் தொழிலாளர் கேம்ப்புக்குத் தூக்கி வந்தார். அன்று பிடித்த பைத்தியம். போனில் வரும் பாட வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். "அவன் பேசுற இங்கிலீஷ் நமக்கெதுக்கு? கை என்ன பண்ணுதுன்னு பாத்தாப் போதாதா?"

வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்புக்குப் பின்னால் இருக்கும் வாழைத்தோப்பில் போய் உட்காருவார். தோப்பு சீக்கிரமே வசப்பட்டது. சாரல் மாதங்களின் பச்சையை ஒன்பது விதமாகக் கலப்பார். ஆட்கள்தான் வசப்படவில்லை. ரூம்காரர்களை நிற்கச் சொன்னால் அத்தனை பேரும் கழுத்துப் பொத்தானைப் போட்டு, இரண்டு காதும் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்கள். படம் என்றால் அவர்களுக்கு விசா போட்டோதான். முதல் ஆறு படங்களிலும் வாழைகளுக்கு நடுவே ஓர் இமிக்ரேஷன் வரிசை நின்றது. அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஏழாவது படம் விளையாட்டில்லை. அந்தத் தோப்பில் குலை வெட்டிச் சுமக்கும் வங்கதேசத்து அஸ்கர் அலி, பதினான்கு வருட வேலையை முடித்து ஒரேயடியாக ஊர் திரும்பவிருந்தார். இதுவரை அவர் வீட்டுக்கு அனுப்பியதெல்லாம் மாலில் நின்று எடுத்த போட்டோக்கள். தோப்பில் தன்னை வரைந்து தரும்படி கேட்டார். "பாய், மூஞ்சி அச்சா வரணும்" என்பது ஒன்றுதான் நிபந்தனை. கார்மேகம் வரைந்தார். முகம் அச்சு அசலாக வந்தது. ஆனால் அஸ்கர் அலி கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டால் கார்மேகம் ஆளை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டார்.

நான் பதறிப்போனேன். அந்த வண்ணம் சுவர் பெயிண்ட் மாதிரி நாலு மணி நேரத்தில் காயாது. சாரல் காலத்தில் பத்து நாள்கூடப் போதாது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?"

"மூஞ்சி இருக்கு சார், ஆளு இல்லையே. குலையத் தூக்குனவன் எங்க சார் கேமராவப் பாத்து நிப்பான்?"

மறுநாளிலிருந்து விடிந்ததும் தோப்புக்குப் போய், அஸ்கர் அலிக்குத் தெரியாமல் பின்னாலிருந்து பார்த்துவிட்டு டூட்டிக்கு ஓடினார். வரைந்ததை ஏசியின் வெளிப்பெட்டி கக்கும் சூட்டுக்காற்றில் காய வைத்தார். வாழ்நாளில் எந்தச் சுவருக்கும் அவர் இவ்வளவு பயந்ததில்லை.

கிளம்பும் நாள் காலையில் படத்தைக் கொடுத்தபோது நானும் இருந்தேன். அத்தனை பச்சைக்கும் நடுவே ஒரு முதுகு. சேற்றில் புதைந்த குதிகால், தோளில் குலை, ஒரு பக்கமாக ஒடிந்த கழுத்து. உள்ளங்கையளவுகூட இல்லாத அந்த ஆள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கார்மேகத்தின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூஞ்சி மாஃபி? இல்லையா?" என்றார் அஸ்கர் அலி மெதுவாக.

கார்மேகம் ஏற்கெனவே துடைத்த கையைத் துணியில் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அஸ்கர் அலி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு, பயணத்துக்கென்று போட்டிருந்த புதுச் சட்டைக்குள் அவருடைய வலது தோள், அங்கே இல்லாத குலையை ஒருமுறை எக்கி மேலே ஏற்றி வைத்துக்கொண்டது.