அன்று அவள் திட்டவில்லை

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ்ஸே ஓடவில்லை. அப்போது நான், வீட்டில் அடங்காத பெண்கள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கும் ஒரு விடுதியில் உதவியாளராக இருந்தேன்.

எனக்கு டாக்டராக ஆசை. மாமாவுக்கோ எரிச்சல். “ஒரு டாக்டர்கிட்ட போய் ஊசி மருந்து எடுத்துக் குடுத்தாலாவது இன்டர்வியூவுல சொல்லலாம். இந்த ரவுடிப் பொண்ணுங்கள மேய்ச்சிக்கினு இருந்தா எவன் சீட்டு குடுப்பான்?” என்பார். அவர் சொல்வதும் சரிதானோ என்று எனக்கே உள்ளுக்குள் உதைக்கும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி வெள்ளிமலைக்கு மேலே இருந்து வந்தவள். லாரி டியூபில் சாராயம் சுமந்து இறங்கும்போது பிடிபட்டவள். வாயைத் திறந்தால் வசவுதான். கஞ்சி சூடாக இருந்தால் ஒரு வசவு, ஆறிப்போனால் இன்னொன்று. எனக்கென்றே தனியாகச் சிலது வைத்திருந்தாள். கேட்டுக் கேட்டு, அதில்லாமல் எனக்குப் பொழுது விடியாது என்றாகிவிட்டது.

ஒரு நாள் காலை அவளை எழுப்பினேன். திட்டவில்லை. கஞ்சியை வைத்தேன், அதற்கும் திட்டவில்லை. “இன்னாடி?” என்றேன். “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றாள். அந்த மரியாதையைக் கேட்டதும் கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு வண்டி தேட ஓடினேன்.

மாட்டு வண்டி பிடித்து அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில் பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது, சுற்றிலும் ஆட்கள். “இன்னாம்மா, புள்ளைக்கு இன்னா?” என்று ஒருவர் வந்தார். முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். மரத்தை வெட்டிய அதே கைகள் போர்வையோடு அவளைத் தூக்கி மரத்தைத் தாண்டி இறக்கின. அந்தப் பக்கம் நின்றுபோயிருந்த ஒரு கரும்பு டிராக்டரைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். அவள் எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இல்லை, வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். வாயுவாக இருக்கும் என்றார் டாக்டர். “சார், இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து யாரையும் திட்டலைங்க” என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று உறைத்தது. அவர் சிரித்தார். “தினமும் திட்டுவாளா?” என்று கேட்டார். திரும்பப் போய் அவள் வயிற்றை நிதானமாக அழுத்திப் பார்த்தார். குடல்வால். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்குமாம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதைக் கேட்டு நான் அழுத அழுகையைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டார்.

பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. ஆஸ்பத்திரி அனுபவம் உண்டா என்றார்கள். இல்லை, விடுதியில் இருந்தேன் என்றேன். “அதெல்லாம் இதுல சேருமா?” என்றார் ஒருவர். தெரியவில்லை சார் என்று நடந்ததைச் சொன்னேன். மூத்த பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இப்ப அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?”

“நல்லா திட்டிக்கிட்டு இருக்கா சார்.”

அறையே சிரித்தது. எனக்கு சீட் கிடைத்தது. அந்த அனுபவம் சேருமா, சேராதா என்று மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

டாக்டராகி எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இன்றும் நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால், கூட வந்தவரிடம் “வழக்கமா இவங்க எப்படி இருப்பாங்க?” என்று கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் அவளுடைய அந்த வசவு காதில் விழுகிறது, மனசு குளிர்ந்துபோகிறது.